எழுதும் கையைச் சூழ்ந்த உலகம்: எழுத்தாய்வில் கோட்பாடுகளின் பங்கு

எழுத்தை ஆராய்கிறேன் என்று ஒருவர் சொல்லும்போது, அவர் எதை ஆராய்கிறார் என்பதே நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி. தாளில் நிற்கும் சொற்களையா, அச்சொற்களைத் தெரிந்தெடுத்த மனத்தின் ஓட்டத்தையா, எழுதுபவரைச் சூழ்ந்திருக்கும் பேச்சையும் உறவுகளையுமா? மூன்றும் மூன்று வெவ்வேறு பொருள்கள். ஒன்றைக் காணப் பழகிய கண்ணுக்கு மற்றவை எளிதில் புலப்படுவதில்லை. எதைக் காண்பது என்பதை ஆய்வாளரின் விருப்பம் மட்டும் முடிவு செய்வதுமில்லை. அவர் கைக்கொண்ட கோட்பாடு பெரும்பாலும் அவருக்கு முன்பே அதை முடிவு செய்துவிடுகிறது. இக்கருத்தைப் பொதுப்படையாகச் சொல்லிச் செல்வதைவிட, ஓர் ஆய்வாளரை எடுத்துக்கொண்டு, அவர் யாரிடமிருந்து எதைப் பெற்றார், பெற்றது அவருடைய பார்வையை எவ்வாறு மாற்றியது என்று பார்ப்பது பயன் தரும். நாம் எடுத்துக்கொள்பவர் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஆன் ஹாஸ் டைசன்.

சிறுவர் வகுப்புகளில் ஆசிரியராகப் பணியாற்றிப் பின்னர் ஆய்வுக்கு வந்தவர் டைசன். பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலமும், பின்னாளில் இலினோய் பல்கலைக்கழகத்திலும் பணிபுரிந்தார். ஐந்து முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகள் எழுதக் கற்கும் பருவமே அவருடைய களம். எழுத்தாய்வில் பெயர்பெற்ற வேறு பலர் இருக்க இவரை நாம் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. அவர் ஆராய்ந்த வகுப்பறைகளில் பல, வீட்டு மொழிவழக்கு ஒன்றாகவும் பள்ளி எதிர்பார்க்கும் மொழிவழக்கு வேறொன்றாகவும் இருந்த குழந்தைகள் நிறைந்தவை. ஆப்பிரிக்க அமெரிக்கச் சிறுவர்கள் வீட்டிலும் தெருவிலும் பேசும் ஆங்கிலம் பாடநூல் ஆங்கிலம் அன்று. பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே அகன்ற ஆறு ஓடும் மொழியைக் கற்பிக்கும் நமக்கு அந்தச் சூழல் முற்றிலும் அந்நியமானதன்று.

டைசன் ஆய்வுலகுக்கு வந்தபோது அங்கே நிலவிய கருத்துகளை முதலில் அறிந்துகொள்ளவேண்டும். எழுதி முடிக்கப்பட்டதை வைத்தே எழுத்தை மதிப்பிடுவது மிகப் பழைய வழக்கம்; அது மேலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நம் நன்னூல், ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்றும் வேண்டிய அழகுகள் பத்து என்றும் வகுத்துவைத்திருக்கிறது. அதே நூல் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி என்று தொடங்கிப் பல பொருள்களோடு ஒப்பிட்டுத் தரம் பிரிக்கிறது. அந்த ஒப்பீடுகள் யாவும் கேட்பவராகவும் கொள்பவராகவும் உள்ள மாணாக்கரைப் பற்றியவை. எழுதிக்கொண்டிருக்கும் மாணாக்கர் அங்கே இல்லை. அக்காலக் கல்விமுறைக்கு அது பொருத்தமானதே. ஆனால், கட்டுரைத்தாளில் சிவப்பு மையால் பிழைகளை வட்டமிடும் இன்றைய பழக்கமும் ஏறத்தாழ அந்தப் பார்வையின் தொடர்ச்சிதான் என்பதை மறந்துவிடலாகாது.

இப்பார்வையிலிருந்து விலகிய முதற்பெருமுயற்சி 1971இல் வெளிவந்த ஜேனட் எமிக்கின் ஆய்வு. சிகாகோ வட்டாரத்துப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் எண்மரை அவர் தனித்தனியே அமர்த்தி, எழுதும்போது மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுமாறு கேட்டு, அதை ஒலிப்பதிவு செய்தார். எட்டே மாணவர்தாம். ஆனால் எழுத்தாய்வு தாளைவிட்டு ஆளிடம் திரும்பிய இடம் அது. பள்ளி பணித்து எழுதும் எழுத்து வேறு, மாணவர் தாமாக விரும்பி எழுதும் எழுத்து வேறு என்றும், இரண்டிலும் அவர்கள் நடந்துகொள்ளும் முறையே வேறுபடுகிறது என்றும் எமிக் எடுத்துக்காட்டினார். பத்தாண்டுகள் கழித்து, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா ஃபிளவரும் ஜான் ஹேய்ஸும் 1981இல் இன்னொரு படி மேலே சென்றனர். அதே பல்கலைக்கழகத்தின் ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன் ஆகிய இருவரும் மனிதர் சிக்கல்களை எவ்வாறு தீர்க்கின்றனர் என்பதை ஆராய வகுத்த வழியைப் பின்பற்றி, எழுதுவதும் ஒரு சிக்கலைத் தீர்ப்பதே என்று அவர்கள் கொண்டனர். திட்டமிடுதல், எண்ணத்தைச் சொற்களாக்குதல், திரும்பப் பார்த்துத் திருத்துதல் ஆகிய மூன்றும் வரிசையாக நிகழ்வதில்லை. எழுதுபவர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எந்நேரமும் தாவிக்கொண்டே இருக்கிறார் என்பது அவர்களுடைய முடிவு.

இந்தக் கருத்தின் வலிமை பெரிது. முதலில் குறிப்பெடு, பிறகு எழுது, இறுதியில் திருத்து என்று படிக்கட்டுபோல் கற்பித்துவந்த முறையை அது அசைத்தது. ஆனால் அதற்குள் இருக்கும் எழுத்தாளர் தனியர். அவருக்கு எதிரே ஒரு பணி, தலைக்குள் நினைவாற்றல். பக்கத்து மேசையில் ஒரு நண்பன் இல்லை. அவன் கேலி செய்வதில்லை, எட்டிப் பார்ப்பதில்லை. ஐந்து வயதுக் குழந்தை எழுதும்போது நிகழ்வதில் பெரும்பகுதி அந்த எட்டிப் பார்ப்பதும் கேலியும்தான்.

அந்த இடத்தில்தான் டைசனுக்கு வேறு கோட்பாடுகள் தேவைப்பட்டன. அவை இரு ரஷ்யர்களிடமிருந்து வந்தன. அவர்கள் எழுதியவை அமெரிக்க ஆய்வாளரின் கைக்கு வந்து சேர்ந்த காலமும் இங்கே பொருட்படுத்தத்தக்கது. லெவ் வைகாட்ஸ்கி 1934இல், முப்பத்தேழாம் வயதில், காசநோயால் இறந்தார். ஈராண்டுகளில் சோவியத் அரசின் கல்விக் கொள்கை மாற்றத்தால் அவருடைய எழுத்துகள் ஒதுக்கிவைக்கப்பட்டன. சிந்தனைக்கும் மொழிக்கும் உள்ள உறவைப் பற்றிய அவருடைய நூல் 1962இல்தான் ஆங்கிலத்துக்கு வந்தது. எழுத்தின் முன்வரலாற்றைப் பற்றிய கட்டுரை அடங்கிய தொகுப்பு 1978இல் வந்தது. மிகைல் பக்தின் 1920களின் இறுதியில் கைது செய்யப்பட்டுக் கசகஸ்தானுக்கு நாடுகடத்தப்பட்டவர். நாவலைப் பற்றிய அவருடைய பெருங்கட்டுரைகள் 1981இலும், பேச்சு வகைமைகளைப் பற்றிய கட்டுரை அடங்கிய தொகுப்பு 1986இலும் ஆங்கிலத்தில் வெளியாயின. டைசனின் ஆய்வுவாழ்வு தொடங்கியதும் வளர்ந்ததும் சரியாக அந்த ஆண்டுகளில்தான். மொழிபெயர்ப்பாளர் சிலர் வேறொரு பத்தாண்டில் உழைத்திருந்தால், குழந்தை எழுத்தைப் பற்றிய அமெரிக்க ஆய்வு வேறு வழியில் போயிருக்கக்கூடும். கோட்பாடுகள் அறிவின் தருக்கத்தால் மட்டும் பரவுவதில்லை. எந்த நூல் எம்மொழியில் எப்போது கிடைத்தது என்பதாலும் பரவுகின்றன. தமிழில் கல்வியியல் எழுதும் நாம் இதைச் சற்று அழுத்தமாகவே நினைவிற்கொள்ளலாம்.

வைகாட்ஸ்கி சொன்னது என்ன? எழுத்து என்பது விரலுக்குப் பழக்கும் திறன் அன்று. அதன் வேர் எழுத்துகளை அறிவதற்கு நெடுநாள் முன்பே குழந்தையிடம் இருக்கிறது. விரலை நீட்டிச் சுட்டும் கையசைவில் அது தொடங்குகிறது. குச்சியைக் குதிரையாக்கும் பாவனை விளையாட்டில், ஒரு பொருள் இன்னொன்றுக்காக நிற்கமுடியும் என்று குழந்தை அறிகிறது. பிறகு படம் வரைகிறது. கண்ணால் கண்டதை அன்று, தனக்குத் தெரிந்ததை, ஏறத்தாழக் கதை சொல்வதுபோல வரைகிறது. பொருளை மட்டுமன்றிப் பேச்சையும் வரையமுடியும் என்று ஒரு நாள் கண்டுகொள்கிறது. அதுவே எழுத்து. ஆகவே தொடக்கத்தில் எழுத்து பேச்சின் குறியீடு. அதாவது குறியீட்டுக்குக் குறியீடு. எழுதப் பழகிய பின்னரே இடையில் நின்ற பேச்சு மறைந்து, எழுத்து நேரடியாகப் பொருளைச் சுட்டத் தொடங்குகிறது.

அதே கட்டுரையில் அவர் மரியா மாண்டிசோரியின் பள்ளியைக் குறிப்பிடுகிறார். அங்கே நான்கைந்து வயதுக் குழந்தைகள் அழகிய கையெழுத்தில் எழுதினர். எழுதியது என்ன? பள்ளித் தலைவிக்கும் மற்றோர் அதிகாரிக்கும் ஈஸ்டர் வாழ்த்து. கை தேர்ந்துவிட்டது, சொல்வதற்குக் குழந்தைக்கென்று ஒன்றுமில்லை என்பதே வைகாட்ஸ்கியின் குறை. வாழ்க்கைக்கு வேண்டியதாக இல்லாத எழுத்து, எத்துணைத் திருத்தமாக இருந்தாலும் எழுத்தாகாது என்பது அவர் நிலைப்பாடு. இந்த வாழ்த்துமடலை நாம் மறுபடியும் நினைக்கவேண்டிவரும்.

1983இல் டைசன் வெளியிட்ட ஒரு கட்டுரை, பாலர் வகுப்பில் எழுதும் குழந்தைகளின் வாய்மொழிக்கு என்ன பங்கு என்று ஆராய்ந்தது. கேள்வியே வைகாட்ஸ்கியிடமிருந்து பிறந்ததுபோல் இருக்கிறது. அதற்கேற்பக் கருவிகளும் மாறின. எமிக் மாணவரைத் தனியறையில் அமர்த்தினார். டைசன் வகுப்பறையிலேயே குழந்தைகளின் பக்கத்தில் அமர்ந்தார். எமிக் பேசச் சொல்லிப் பேசவைத்தார். டைசன், குழந்தைகள் தாமாகப் பேசுவதைப் பதிவு செய்தார். எழுதிய தாளோடு, அதைச் சுற்றி வரைந்த படமும், எழுதும்போது முணுமுணுத்ததும், அடுத்தவனிடம் கேட்டதும், எழுந்துபோய்க் காட்டியதும் சேர்ந்தே ஒரு தரவாயின. ஒரு தாளை விளங்கிக்கொள்ள, அது எழுதப்பட்ட அரைமணி நேரம் முழுவதும் வேண்டும் என்றாயிற்று. கோட்பாடு மாறினால் ஆய்வாளர் உட்காரும் இடமும் மாறுகிறது.

ஆனால், படத்திலிருந்து பேச்சு, பேச்சிலிருந்து எழுத்து என்று ஒன்றன்கையிலிருந்து மற்றொன்று பெற்று ஓடும் தொடரோட்டமாக டைசனின் வகுப்பறைகள் தோன்றவில்லை. சில குழந்தைகளுக்குப் படமே கதையைச் சொல்லிவிட்டது. கீழே எழுதிய வரி வெறும் தலைப்பாக நின்றது. வேறு சிலர் பேச்சிலேயே நாடகம் முழுவதையும் நடத்திமுடித்தனர். தாளில் அதன் எச்சம்கூட இல்லை. 1989இல் வெளிவந்த நூலில் அவர் இதைப் பல உலகங்களுக்கு இடையேயான இழுபறியாக விளக்கினார். குழந்தை எழுதும் கற்பனையுலகம் ஒன்று. பக்கத்தில் நண்பர்கள் இருக்கும் வகுப்பறை உலகம் ஒன்று. வீடும் தெருவும் தொலைக்காட்சியும் அடங்கிய அனுபவ உலகம் ஒன்று. எழுதக் கற்பது என்பது இவற்றிடையே போய்வரக் கற்பது. தாளில் காலம் குழம்பிக் கிடந்தால், 'நான்' என்று தொடங்கிய கதை 'அவன்' என்று முடிந்தால், அது இலக்கணப் பிழை மட்டுமன்று. ஓர் உலகத்திலிருந்து இன்னோர் உலகத்துக்குக் கடந்த தடம் என்று அவர் படித்தார்.

நண்பர்கள் என்ற இடத்துக்கு வந்ததும் வைகாட்ஸ்கி மட்டும் போதவில்லை. அவருடைய கோட்பாட்டில் மற்றொருவர் பெரும்பாலும் கூடுதலாக அறிந்தவர். கைகொடுத்து மேலே தூக்குபவர். வகுப்பறைத் தோழர்கள் எந்நேரமும் அப்படி இருப்பதில்லை. போட்டியிடுவர், ஒதுக்குவர், சேர்ப்பர், சிரிப்பர். இவற்றை விளக்கப் பக்தின் உதவினார். பக்தினின் அடிப்படைக் கருத்து எளியது: எந்தச் சொல்லும் யாரும் தொடாத புதுச்சொல்லாக நம்மிடம் வருவதில்லை. அகராதியிலிருந்து நாம் சொற்களை எடுப்பதில்லை. பிறர் வாயிலிருந்து எடுக்கிறோம். அவர்களுடைய குரலும் நோக்கமும் அச்சொல்லில் ஒட்டியிருக்கின்றன. அவற்றோடு போராடித்தான் நம் நோக்கத்துக்கு அதை வளைக்கவேண்டியிருக்கிறது. மேலும், எதைச் சொன்னாலும் யாருக்கோ விடையாகவே சொல்கிறோம். யாரோ விடையளிப்பார் என்று எதிர்பார்த்தே சொல்கிறோம்.

இவ்விரு கருத்துகளையும் கைக்கொண்டு சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதிப் பள்ளி ஒன்றில் டைசன் செய்த ஆய்வு 1997இல் நூலாயிற்று. சூப்பர் ஹீரோக்களைப் பற்றி எழுதும் குழந்தைகளைப் பற்றியது அது. அவ்வகுப்பில் 'எழுத்தாளர் அரங்கு' என்ற வழக்கம் இருந்தது. ஒரு குழந்தை தான் எழுதிய கதையைப் படிக்கும். அதில் வரும் பாத்திரங்களாக நடிக்கத் தோழர்களை அழைக்கும். எக்ஸ்-மென் கதைகள் பெருகின. யாருக்கு எந்த வேடம் என்பதே நட்புக்கு விலையாயிற்று. புதிதாக வந்த சிறுவன் ஒருவன், வேடங்களைத் தருவதன்வழித் தோழர்களைத் தேடிக்கொண்டான். பெண்பிள்ளைகளோ தங்களுக்கு வேடமே இல்லை என்றும், இருந்தாலும் காப்பாற்றப்படும் வேடமே கிடைக்கிறது என்றும் முறையிட்டனர். அந்த முறையீட்டுக்குப் பின் கதைகள் மாறின. புதிய பாத்திரங்கள் எழுந்தன. பெண்பிள்ளைகள் தாமே எழுதத் தொடங்கினர். வெளியே நின்று பார்ப்பவருக்கு அது தொலைக்காட்சியைப் பார்த்து எழுதிய மட்டமான கதை. டைசனுக்கு அது, ஆணென்றால் என்ன, பெண்ணென்றால் என்ன, வலிமை யாருடையது என்று எட்டு வயதில் எழுத்தின் வழியாக நடந்த வழக்காடல். திருத்துதல் என்று ஃபிளவரும் ஹேய்ஸும் சொன்னது இங்கேயும் நிகழ்கிறது. ஆனால் அதைத் தூண்டியது எழுதுபவரின் தலைக்குள்ளிருந்த கண்காணிப்பு அன்று, வேடம் கிடைக்காத தோழியின் கோபம்.

இரு ரஷ்யர்களோடு, மானிடவியல் சார்ந்த மூன்றாம் மரபொன்றும் டைசனின் பின்னணியில் உண்டு. சில்வியா ஸ்க்ரிப்னரும் மைக்கேல் கோலும் லைபீரியாவின் வாய் மக்களிடையே செய்த ஆய்வு 1981இல் வெளிவந்தது. அம்மக்களுக்குத் தமக்கென ஓர் எழுத்துமுறை உண்டு. அதைப் பள்ளியில் அன்று, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கின்றனர். குர்ஆன் ஓதுவதற்காக அரபு எழுத்தையும், பள்ளியில் ஆங்கிலத்தையும் சிலர் கற்றனர். எழுத்தறிவும் பள்ளிப்படிப்பும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து நின்ற அரிய சூழல் அது. எழுதப்படிக்கத் தெரிந்தாலே சிந்தனை முழுவதும் உயர்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அங்கே சான்று கிடைக்கவில்லை. மடல் எழுதிப் பழகியவர், எதிரில் இல்லாதவருக்கு ஒன்றை விளக்குவதில் சிறந்தார். ஓதிப் பழகியவர், வரிசையாக மனத்தில் இருத்துவதில் சிறந்தார். எதற்காக எழுதினோமோ அதில் வளர்ச்சி. ஈராண்டுகள் கழித்து ஷெர்லி பிரைஸ் ஹீத், கரோலைனா மலையடிவாரப் பகுதியின் இரு சிற்றூர்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். ஒன்றில் கறுப்பின உழைப்பாளர் குடும்பங்கள், மற்றொன்றில் வெள்ளையின உழைப்பாளர் குடும்பங்கள். ஓரூரில் கதை என்றால் நடந்ததை நடந்தபடி சொல்லி நீதியோடு முடிப்பது. மற்றோரூரில் கதை என்றால் உண்மையின் நூலிழையை எடுத்துக்கொண்டு கற்பனையை ஓடவிடுவது. இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கு வந்து, 'ஒரு கதை எழுது' என்ற ஒரே கட்டளையை இருவிதமாகக் கேட்டனர். எழுதத் தெரியாதவன் என்று பெயர்பெற்ற பிள்ளை, வேறொரு கதைமரபில் வளர்ந்த பிள்ளையாக இருக்கலாம் என்பதை டைசனின் தலைமுறை ஹீத்திடமிருந்து கற்றது.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். சிங்கப்பூர், மலேசியத் தமிழாசிரியர்களுக்குப் பழகிப்போன ஒரு கட்டுரைத் தொடக்கம் உண்டு. ஆதவன் தன் கதிர்களைப் பரப்புவான், பறவைகள் இன்னிசை எழுப்பும், தென்றல் தவழும். அதன்பின் மாணவர் அடுக்குமாடி வீட்டிலிருந்து கீழே இறங்கிப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு விபத்தைக் காண்பார். இந்தத் தொடக்கத்தை என்ன செய்வது?

திருத்தத்தையே அளவுகோலாகக் கொண்டால் அது நல்ல தொடக்கம். பிழையில்லை, சொல்வளம் உண்டு. ஃபிளவர், ஹேய்ஸ் வழியில் பார்த்தால் அது ஓர் உத்தி. நேரமும் நினைவாற்றலும் குறுகிய தேர்வறையில், முதற்பத்தியை ஆயத்தமாக வைத்திருப்பது பின்வரும் பகுதிக்கு மனத்தை விடுவிக்கிறது. வைகாட்ஸ்கி வழியில் பார்த்தால் அது ஈஸ்டர் வாழ்த்து. பக்தின் வழியில் பார்ப்பவர் வேறொன்று கேட்பார்: இக்குரல் யாருடையது, இந்த மாணவர் அதனை எங்கே தமதாக்கத் தொடங்குகிறார்? ஆதவன் உதித்த வரிக்குப் பிறகு வரும் பேருந்து நிறுத்தத்தில் எங்கேனும் ஒரு வாக்கியம் தடுமாறும். இலக்கணம் சறுக்கும், ஆங்கில வாக்கிய அமைப்பு எட்டிப்பார்க்கும். சிவப்பு மை அங்கேதான் விழும். ஆனால் மாணவரின் சொந்தக் குரல் தொடங்கும் இடமும் பெரும்பாலும் அதுவே. இரவல் வரி பிழையின்றியும் சொந்த வரி பிழையோடும் அமைவதால், பிழையை மட்டும் எண்ணும் மதிப்பீடு இரவலுக்குப் பரிசளித்துச் சொந்தத்தைத் தண்டிக்கிறது. தேர்வு முடிந்தபின் தமிழில் ஒரு மடல்கூட எழுதாத இளையரைப் பற்றி நாம் கவலைப்படுகிறோம். அக்கவலைக்கு விடை தேடுவோர் இந்த இடத்தையும் ஆராயவேண்டும் என்பது நம் கருத்து.

மனப்பாட வரிகளை ஒழிக்கவேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. பக்தினைப் படித்த ஒருவர் அப்படிச் சொல்லவும் இயலாது; இரவல் இல்லாமல் யாரும் மொழி கற்பதில்லை. டைசன் 2003இல் வெளியிட்ட நூல், தங்களைச் 'சகோதர சகோதரிகள்' என்று அழைத்துக்கொண்ட முதல் வகுப்பு ஆப்பிரிக்க அமெரிக்கச் சிறுவர் அறுவரைப் பற்றியது. வானொலிப் பாட்டு, விளையாட்டுச் செய்தி, திரைப்படம் ஆகியவற்றிலிருந்து துண்டுகளை எடுத்துப் பள்ளி எழுத்துக்குள் அவர்கள் பொருத்தினர். பொருத்தும்போது துண்டு பழைய இடத்தின் வாடையோடு வந்து புதிய இடத்தில் முரண்டுபிடித்தது. அந்த முரணைச் சரிசெய்வதில்தான் அவர்கள் எழுத்தின் விதிகளைக் கற்றனர் என்பது அவர் வாதம். திரைவசனமோ, வசந்தம் ஒளிவழித் தொடரின் ஒரு வரியோ தமிழ்க் கட்டுரையில் தலைகாட்டும்போது நாம் முகம் சுளிக்கிறோம். ஆதவன் தலைகாட்டும்போது மகிழ்கிறோம். இரண்டும் இரவலே, ஒன்று பள்ளி அங்கீகரித்த இரவல், அவ்வளவுதான்.

டைசனின் கோட்பாடுகள் நம் சூழலுக்கு அப்படியே பொருந்திவிடும் என்று சொல்வதும் தவறாகும். வைகாட்ஸ்கியின் விளக்கத்தில் குழந்தை தன் பேச்சையே வரைகிறது. தமிழில் குழந்தை 'வந்துட்டான்' என்று பேசி 'வந்துவிட்டான்' என்று எழுதவேண்டும்; பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே இன்னொரு படி இருக்கிறது. சிங்கப்பூரிலோ அதற்கும் முன்னால் இன்னும் ஒரு படி உண்டு. ஆங்கிலமே வீட்டில் மிகுதியாகப் புழங்கும் பிள்ளைக்கு, வரைவதற்குரிய பேச்சே தமிழில் போதிய அளவு இல்லாதிருக்கலாம். 2005இல் சிங்கப்பூரின் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் உரிய இடமளிக்கப் பரிந்துரைத்தது. அது பேச்சுக்கான பரிந்துரையாகவே பெரிதும் விளங்கிக்கொள்ளப்பட்டது. வைகாட்ஸ்கியை ஒப்புக்கொண்டால் அது எழுத்துக்கான பரிந்துரையும் ஆகும். பேச்சு இல்லாத இடத்தில் எழுத்துக்கு வேர் இல்லை.

டைசனின் முறைமீது எழும் ஒரு தடையையும் மறைக்கலாகாது. ஒரு வகுப்பு, ஆறு குழந்தைகள், ஓராண்டு. இதைக்கொண்டு எந்தக் கற்பித்தல் முறை சிறந்தது என்று கல்வித்துறைக்கு எப்படிச் சொல்வது? அவ்வினாவுக்கு விடை வேறு வகை ஆய்விலிருந்தே வரும். ஸ்டீவ் கிரகாமும் டொலரஸ் பெரினும் 2007இல், நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பல சோதனை ஆய்வுகளைத் தொகுத்துப் பயன்தரும் 11 கூறுகளை வகுத்தனர். எழுதும் உத்திகளை வெளிப்படையாகக் கற்பிப்பது மிகுந்த பயன் தந்தது. இலக்கணத்தைத் தனித்துக் கற்பிப்பது எழுத்துக்கு உதவவில்லை. அமெரிக்க ஆங்கில வகுப்புகளைப் பற்றிய முடிவு அது. தமிழுக்கு அவ்வாறே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எனினும் அவ்வகை ஆய்வு எது பயன்பட்டது என்று சொல்லும். ஒரு குறிப்பிட்ட பிள்ளை ஏன் எழுத மறுத்தாள் என்று சொல்லாது. இரண்டாம் கேள்விக்குப் பக்கத்தில் அமர்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கேள்வியைப் பொறுத்தே முறை அமையும். சிலர் இவ்விரண்டையும் பகைமுகாம்களாக நிறுத்துவது தேவையற்றது என்றே கருதுகிறோம்.

தமிழ் எழுத்தைப் பற்றி இங்கே ஆய்வு செய்ய முன்வரும் இளம் ஆசிரியர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. மாணவர் எழுதிமுடித்த தாள்களைச் சேர்ப்பது எளிது. பெரும்பாலான ஆய்வேடுகள் அங்கேயே தொடங்கி அங்கேயே முடிகின்றன. ஒரே ஒரு மேசையைத் தேர்ந்து, பெற்றோரிடமும் பள்ளியிடமும் இசைவு பெற்று, நான்கு பிள்ளைகள் தமிழ்க் கட்டுரை எழுதும் அரைமணி நேரத்தை ஒலிப்பதிவு செய்யலாம். கட்டுரையைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்க வாய்ப்புண்டு. 'இதுக்குத் தமிழ்ல என்ன?' என்ற கேள்வி இடையிடையே வரும். அந்த ஆங்கிலத்தைத் தரவிலிருந்து நீக்கிவிட்டுத் தமிழை மட்டும் படியெடுத்தால் ஆய்வு தூய்மையாகத் தோன்றும். ஆனால் பிள்ளை எங்கிருந்து தமிழுக்கு வந்தாள் என்பது அதில் இராது. மறுமொழி சொன்ன தோழன் யார், அவன் தந்த சொல் தாளில் ஏறியதா, ஏறாமல் போனதென்றால் ஏன் என்பனவற்றைத் தாளையும் ஒலிப்பதிவையும் அருகருகே வைத்துப் படிப்பவரே காணமுடியும்.